மை இல்லாம வெள்ளைக் கொக்கை எப்படி அச்சடிச்சாங்க?

உளிச்சத்தம்:
வணக்கம் நண்பர்களே, ரெண்டு வருஷமா பொழுதுபோக்கா மரக்கட்டை அச்சு போட்டுட்டு இருக்கேன், இப்போ ஜப்பான் ஓவியர் ஒஹாரா கோசொனோட கொக்கு அச்சுப்படங்களைப் பார்த்து ஒரு வெள்ளைக் கொக்கு முயற்சி பண்றேன். காகிதத்தோட வெள்ளையை அப்படியே விட்டுட்டு சுத்தி மட்டும் சாம்பல் கலர் அடிச்சா உருவம் வருது, ஆனா கத்தரிச்சு ஒட்டின மாதிரி தட்டையா கிடக்கு. இறகுக்கு கோடு போட்டா கொக்கு அழுக்கா தெரியுது. அவர் படத்துல மட்டும் எப்படி இறகு இறகா பிரிஞ்சு தெரியுது? ஏதாவது வெள்ளை மையா?

ஈரக்காகிதம்:
மை இல்லைங்க, அது மேடு. கராசுரின்னு பேரு, வெறும் அச்சுன்னு அர்த்தம். இறகுக்கு மட்டும் தனியா ஒரு கட்டை செதுக்கி, அதுல மை தடவாம, ஈரக் காகிதத்தை மேல போட்டு பாரென்ங்கிற வட்டமான தேய்ப்புக் கருவியால அழுத்தித் தேய்ப்பாங்க. செதுக்கின பள்ளத்துக்குள்ள காகிதம் இறங்கி அப்படியே நின்னுடும். இதுக்கு கோசோ மரப்பட்டை நார்ல செஞ்ச காகிதம்தான் சரி, நார் நீளமா இருக்கும், அழுத்தினா லேசுல கிழியாது. 1760கள்ல பலவண்ண அச்சு வந்த காலத்துலயே ஹருநோபுங்கிற ஓவியரோட படங்கள்ல இதைப் பார்க்கலாம். இன்னொண்ணு, கோசொன் வரைஞ்சது மட்டும்தான், செதுக்கினவர் வேற, அச்சடிச்சவர் வேற. அந்த இறகுல பாதி பெருமை பேர் தெரியாத அந்த அச்சுக்காரருக்குப் போகணும்னு நான் நினைக்கிறேன். ஷோசொன்னு கையெழுத்து இருந்தாலும் அது கோசொன்தான், 1926லேர்ந்து பதிப்பாளர் வதனபேகிட்ட அந்தப் பேர்ல படம் போட்டார், அதையும் தேடிப் பாருங்க.

மாடிப்பூனை:
இதைப் படிச்சதும் ஜப்பான் ஓவியர் ஹிரோஷிகேவோட வெள்ளைப் பூனை அச்சுப்படம்தான் ஞாபகம் வருது. 1857, ஈதோவின் (இன்னைய டோக்கியோ) நூறு காட்சிகள் வரிசையில வரும். அங்க இருந்த தாசிகள் பேட்டை யோஷிவாராவுல ஒரு தாசியோட மாடி அறை, ஜன்னல் விளிம்புல பூனை முதுகைக் காட்டி சுருண்டு உக்காந்திருக்கு, பக்கத்துல முகம் கழுவுற கிண்ணமும் துண்டும், வெளியே தூரத்துல ஃபூஜி, கீழே வயல்வெளியில திருவிழாக் கூட்டம் எறும்பு மாதிரி போகுது. அறையில மனுஷங்க யாரும் கிடையாது, ஆனா அந்தப் பொண்ணோட தனிமை முழுசா அந்தப் பூனை முதுகுல இருக்கு. முதல்ல அடிச்ச பிரதிகள்ல பூனை உடம்புலயும் இதே கராசுரிதான். பின்னால அவசரமா அடிச்சதுல பல நேரம் இதையெல்லாம் விட்டுட்டாங்க, அதனால எந்தப் பிரதின்னு பார்த்துட்டு ஒப்பிடுங்க.

நாலுகால்:
பூனைன்னா ஹிரோஷிகே காலத்து ஓவியர் குனியோஷியை விட முடியுமா! 1842ல நடிகர், தாசி படங்களுக்கு அரசாங்கம் தடை போட்டதும் பூனைக்கு நடிகர் முகம் வெச்சு வரைஞ்ச மனுஷன். ஈதோவையும் கியோத்தோவையும் இணைச்ச தோகைதோ சாலையோட 53 தங்கல் ஊர்களையும் பூனையாவே போட்டிருக்கார், எல்லாம் சிலேடை. அந்தச் சாலை தொடங்குற நிஹோன்பாஷிங்கிற பேரை நிஹோன் தாஷின்னு, அதாவது சூப்புக்குப் போடுற ரெண்டு மீன் கட்டின்னு திருப்பி, ஒரு பூனை ரெண்டு காய்ஞ்ச மீன் கட்டியை வெளியே இழுக்குற மாதிரி வரைஞ்சார். கேள்விக்கு சம்பந்தம் இல்லைதான், சொல்லாம இருக்க முடியலை.

உளிச்சத்தம்:
ஈரக்காகிதம் அண்ணா, ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி செஞ்சு பார்த்தேன், காகிதம் காய்ஞ்சு போயிருந்ததால முதல் ரெண்டும் பதியவே இல்லை. மூணாவதை நல்லா நனைச்சு, பள்ளத்தை இன்னும் ஆழமா வெட்டி அழுத்தினேன். நேரா பார்த்தா ஒண்ணுமே தெரியலை, மனசே விட்டுப்போச்சு.

ஈரக்காகிதம்:
நேரா பார்க்காதீங்க தம்பி. ரூம் லைட்டை அணைச்சிட்டு டார்ச்சை காகிதத்துக்குப் பக்கவாட்டுல, மேசையோட ஒட்டிப் புடிங்க.

உளிச்சத்தம்:
தெரியுது!! கழுத்துக்குக் கீழ ஏழு இறகு, ஒவ்வொண்ணுக்கும் மெல்லிசா நிழல் விழுது.