மறு: மரப்படகுச் சொற்கள் – "டேக் அப்" என்பதற்கு "ஊறடைப்பு"

அனைவருக்கும் வணக்கம்.

காய்ந்த மரப்படகின் பலகைகள் நீரில் ஊறிப் பருத்துச் சந்து தானே மூடிக்கொள்வதை ஆங்கிலத்தில் டேக் அப் என்பார்கள். நம் சொற்தொகுப்பில் அதற்கு நான் முன்வைத்த "ஊறடைப்பு" பற்றி வந்த மடல்களை எல்லாம் படித்தேன். பதில் சொல்லுமுன் இது எந்த வேலையில் பிறக்கும் சொல் என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். பட்டறையில் நடப்பது தெரிந்தால் பாதிக் கேள்விகளுக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

நான் பேசுவது நார்வேயின் மேற்குக் கரைப் படகுகளைப் பற்றி. பெர்கனுக்குத் தெற்கே ஊஸ் என்ற ஊரின் பெயரில் ஊசெல்வர் என்றொரு படகு உண்டு. பைன் பலகை, பக்கத்துக்கு மூன்றே மூன்று அகலப் பலகைகள், அவ்வளவுதான். மேல்பலகையின் கீழ்விளிம்பு கீழ்ப்பலகையின் மேல்விளிம்பைச் சற்றே மூடி நிற்கும். மூடிய இடத்தில் வரிசையாக ஆணி அடித்துத் தறைந்திருப்பார்கள் (மறுபுறம் வந்த ஆணிமுனையைத் தட்டி இறுக்குவது). இப்படிக் கட்டும் மரபை டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து, நார்வே, சுவீடன் ஐந்து நாடுகளுக்கும் பொதுவாக 2021ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். ஊசெல்வர் கட்டக் கற்றுத்தரும் முறைக்கு அதற்கு முன்பே, 2016ல், அதே யுனெஸ்கோவின் நற்பாதுகாப்பு நடைமுறைகள் பதிவேட்டில் இடம் கிடைத்தது. ஆக இது அருங்காட்சியகத்தில் தூங்கும் பொருளல்ல. இன்றும் கட்டுகிறார்கள், ஓட்டுகிறார்கள், குளிர்காலத்தில் பட்டறைக்குக் கொண்டுவருகிறார்கள்.

அக்டோபர் வாக்கில் படகு கரையேறும். பாசியைச் சுரண்டிக் கழுவி, கவிழ்த்தோ தாங்குகட்டைமேல் நிறுத்தியோ வைப்பார்கள். உளுத்த பலகை இருந்தால் தறையாணிகளை எடுத்துப் பலகையைக் கழற்றி, அதையே அச்சாக வைத்துப் புதுப்பலகை அறுப்பார்கள். முறிந்த வங்குக்கு (பலகைகளை உள்ளிருந்து தாங்கும் விலாச்சட்டம்) பதில் புது வங்கு. பிறகு தார், ஆளிவிதை எண்ணெய், பெயிண்ட். இதெல்லாம் கைத்திறன் இருந்தால் ஆகிவிடும். குளிர்காலப் பட்டறையின் உண்மையான சிக்கல் வேறு: படகு காய்ந்துபோவது.

வெளியே பூச்சியம் டிகிரி. அந்தக் காற்று முழு ஈரமாக இருந்தாலும் ஒரு கன மீட்டருக்கு 5 கிராம் நீராவிகூடத் தாங்காது. அதே காற்றைப் பட்டறைக்குள் இழுத்து 20 டிகிரிக்குச் சூடாக்குங்கள். இப்போது அதனால் 17 கிராம் தாங்க முடியும். கையிலோ 5 கிராம்கூட இல்லை. ஈரப்பதம் 30 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். அந்தக் காற்று பலகையிலிருந்து உறிஞ்சத் தொடங்கும். அப்படியே விட்டால் மரத்தின் ஈரம் 6 விழுக்காடு அளவுக்கு வந்து நிற்கும். தண்ணீரில் கிடந்த பலகைக்கு இது பெரிய வீழ்ச்சி.

மரத்தின் நார்ச்சுவர்கள் ஏறத்தாழ 28 முதல் 30 விழுக்காடு வரை நீரைத் தம்முள் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் வரும் நீர் உள்ளறைகளில் சும்மா நிற்கும். அதனால் மரம் பருப்பதில்லை. அந்த வரம்புக்குக் கீழே ஈரம் இறங்கும்போதுதான் சுருக்கம். நீளத்தில் சுருக்கம் இல்லை என்றே சொல்லலாம். அகலத்தில்தான் எல்லாம் நடக்கும், அதிலும் ஆண்டுவளையத்தின் போக்கில் சுருங்குவது வளையங்களுக்குக் குறுக்கே சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 15 செ.மீ. அகலப் பலகை 2 விழுக்காடு சுருங்கினாலே 3 மி.மீ. போய்விடும். இறுகக் கவ்வியிருந்த விளிம்புகள் தளர்கின்றன. பலகைச் சந்து வழியே வெளிச்சம் தெரிகிறது.

இங்கேதான் புதிதாக வேலைக்கு வருபவர் தவறான பொருளைக் கையில் எடுக்கிறார். வெளிச்சம் தெரிந்தால் ஓட்டை, ஓட்டை என்றால் அடை. கெட்டியாக இறுகும் பசையைத் திணித்துத் தேய்த்து வழவழப்பாக்கிவிடுகிறார். ஏப்ரலில் படகு தண்ணீரில் இறங்குகிறது. பலகை தன் பழைய அகலத்துக்குத் திரும்பப் பார்க்கிறது, போக இடமில்லை. விளிம்பு நசுங்கும், தறையாணி இழுபடும், சில நேரம் வங்கே முறியும். குளிர்காலத்தில் பார்த்த சந்து பழுதே இல்லை. அது பலகை திரும்பி வருவதற்கான இடம்.

தெரிந்தவர்கள் செய்வது மிக எளிது. படகு நிற்கும் இடத்தைச் சூடாக்குவதில்லை; ஆள் நின்று வேலை செய்யும் மேசையருகே மட்டும் அடுப்பு. படகின் அடியில் ஈரச்சாக்கு. இபாக்சி பசை ஒட்டவேண்டி வந்தால் அதற்கு 10 டிகிரிக்கு மேலாவது வேண்டும், ஆகவே அந்த ஒட்டைச் சுற்றி மட்டும் சின்னக் கூடாரம் கட்டி உள்ளே வெப்பம் கொடுப்பார்கள். வசந்தத்தில் படகைத் தண்ணீரில் இறக்கி, உள்ளே நீர் ஏறினால் ஏறட்டும் என்று விட்டுவிடுவார்கள். ஓரிரு நாளில், மிகவும் காய்ந்த படகென்றால் இன்னும் சில நாள் கூடுதலாக, பலகைகள் பருத்து விளிம்போடு விளிம்பு இறுகும். அப்புறம் இறைத்தால் நீர் திரும்ப வராது. இந்த நிகழ்வைத்தான் ஆங்கிலத்தில் டேக் அப் என்கிறார்கள். இங்கிலாந்தின் மேற்குப் பக்கத்தில் ப்ளிம் என்று வட்டாரச் சொல்லும் உண்டு. நார்வேயில் த்ருட்னே.

இனி உங்கள் கேள்விகள்.

> "விரிவு, விரிவாக்கம் என்றே வைத்துக்கொள்ளலாமே. பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறது."

பாடநூலில் அது வெப்பத்தோடு ஒட்டிக்கொண்ட சொல். சூடு ஏறினால் விரியும் என்று படித்த பிள்ளை பட்டறைக்கு வந்தால், அடுப்பு மூட்டினால் சந்து மூடிக்கொள்ளும் என்று நினைக்கும். மரப்படகில் நடப்பது நேர்மாறு: சூட்டில் காய்ந்து சுருங்கும், ஈரத்தில் பருக்கும்.

> "நீரேற்றம் சுருக்கமாக இருக்கிறது."

நீரேற்று நிலையம் என்று பம்ப் வைத்து நீர் தூக்கும் இடத்துக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. வேதியியலிலும் அந்தச் சொல் புழங்குகிறது. அதைவிட முக்கியம், நீர் ஏறுவது நமக்கு வழிமுறை மட்டுமே. நாம் காத்திருப்பது நீர் ஏறுவதற்கல்ல, நீர் வருவது நிற்பதற்கு.

> "ஊறல் போதும், அடைப்பு எதற்கு?"

ஊறல் நல்ல சொல்தான். ஆனால் தமிழ்நாட்டுச் செய்தித்தாளில் ஊறல் என்றால் போலீசார் கொட்டி அழிக்கும் சாராய ஊறல். அது தாண்டியும் ஒரு குறை இருக்கிறது. உளுத்த பலகையும் ஊறும், நன்றாகவே ஊறும். சந்து மட்டும் அடையாது. ஊறியதால் அடைபட்டது என்கிற இரண்டாம் பாதியும் சொல்லில் இருந்தால்தான் படகு தேறிவிட்டதா இல்லையா என்று கேட்க முடியும்.

> "ஊறு என்றால் தீங்கு. ஊறடைப்பு என்று படித்ததும் ஏதோ கெடுதல்போல் படுகிறது. போதாதற்கு அடைப்பு – மாரடைப்பு, சாக்கடை அடைப்பு."

அக்கா, இது வந்த மறுப்புகளில் வலுவானது. முதல் பாதிக்கு ஊறுகாயே சாட்சி. ஊறின காய், ஊறுகிற காய், ஊறும் காய் என்று முக்காலமும் கொள்ளும் வினைத்தொகைக்கு நீங்கள் வகுப்பில் சொல்லும் முதல் எடுத்துக்காட்டே அதுதானே. யாரும் அதைத் தீங்கான காய் என்று படிப்பதில்லை. ஊறடைப்பும் அதே வார்ப்பு. ஊறும் அடைப்பு என்று விரித்தால், ஊறுவதால் உண்டாகும் அடைப்பு என்று பொருள் கிடைக்கும்.

இரண்டாம் பாதியைப் பொறுத்தவரை, அடைப்பு எப்போதும் கெட்டதல்ல. யாழ்ப்பாணத்தில் வேலியடைப்பு என்றால் ஊரே கூடிச் செய்யும் நல்ல வேலை. ஓட்டையை அடை, பொத்தலை அடை என்பது எந்தக் கடற்கரையிலும் கேட்கும் பேச்சு. படகுக்காரருக்கு அடைபடுவது நிம்மதி. வினையாகப் புழங்கவும் இடறாது: காது அடைத்தது என்கிறோமே, அதுபோலப் படகு ஊறடைத்தது. பேச்சில் "ஊறி அடைச்சிருச்சா?" என்று தானாகவே பிரிந்துகொள்ளும்.

ஊறிறுக்கம் என்று நீங்கள் சொன்ன மாற்று பொருளில் ஒரு பிசகும் இல்லாதது. மழைக்காலத்தில் நம் வீட்டுக் கதவு இறுகிக்கொள்கிறதே, அதே இறுக்கம்தான். ஆனால் றி-று என்று அடுத்தடுத்து வந்து நாக்கு தடுக்குகிறது. குளிரில் விறைத்த வாயோடு சொல்ல வேண்டிய சொல் இது. என் விருப்பம் ஊறடைப்புதான்.

> "தூத்துக்குடியில் கலப்பத்து என்கிற சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?"

அண்ணாச்சி, கலப்பத்தை யாரும் எடுத்துவிடக் கூடாது என்பதில் நான் உங்களோடு நிற்கிறேன். கேரளத்தில் பேப்பூர் உரு என்னும் பெரிய மரக்கப்பல் கட்டுகிறவர்களும் கிட்டத்தட்ட அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். கடல்வழி வந்த சொல்லாக இருந்தால் என்ன, உளியும் சுத்தியலும்போல அந்தக் கைகளுக்கு உரியதாகிவிட்டது. அதை நீக்கிவிட்டுத் தூயதாக ஒன்றைச் செய்யலாம் என்று சென்ற மாதம் வந்த யோசனையை நான் ஏற்கவில்லை.

ஆனால் கலப்பத்து ஆள் செய்யும் வேலை. சந்தில் பஞ்சை வைத்து உளியால் இறுக்குவது. ஊறடைப்பு மரம் தானே செய்வது. இரண்டுக்கும் தனிப்பெயர் இருந்தால்தான் ஒன்றுக்கு மற்றொன்று இடம்விட வேண்டும் என்று சொல்லமுடியும். விளிம்போடு விளிம்பு முட்டவைத்துக் கட்டிய படகில் கலப்பத்து உண்டு. அங்கே காய்ந்த சந்தில் பஞ்சை மட்டுமீறி இறுக்கினால், ஊறும்போது முன்பு சொன்ன அதே முறிவு வரும். பலகைமேல் பலகை ஏறிய ஊசெல்வரில் பஞ்சு அடிக்கும் சந்தே கிடையாது. அங்கே நீரைத் தடுப்பதில் முக்கியமானவை விளிம்பின் பொருத்தமும் தறையாணியும் ஊறடைப்பும்.

நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றையும் சேர்க்கிறேன். இது குளிர்நாட்டுக்கு மட்டுமான சங்கதி இல்லை. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில்தான் விசைப்படகுகளைக் கரையேற்றி மராமத்து பார்க்கிறார்கள். சித்திரை, வைகாசி வெயிலில் நிற்கும் மரப்படகுக்கு நார்வேயின் சூடேற்றிய பட்டறையில் நேர்வதே நேரும். காரணம் அங்கே அடுப்பு, இங்கே அக்கினி நட்சத்திரம். ஆகவே இந்தச் சொல் இறக்குமதிப் பொருளுக்கான ஒட்டுச்சீட்டாக இருக்காது. நம் கரையில் நடப்பதற்கும் பொருந்தும். இப்போது பைபர் படகுகள் பெருகிவிட்டன, அவை ஊறுவதும் இல்லை அடைவதும் இல்லை. மரப்படகு குறையக் குறைய அதன் அறிவும் வாயிலிருந்து போய்விடும் என்பதால்தான் இதை அவசரமாகப் பதிய விரும்புகிறேன்.

படகைக் கரையேற்றிப் பழுதுபார்ப்பதைக் குறிக்கும் "ரீஃபிட்" பற்றிச் சுருக்கமாக: மராமத்து போதும். கடலோர மாவட்டச் செய்திகளில் அதுதான் வருகிறது. மறுசீரமைப்பு என்று போட்டால் கடன் மறுசீரமைப்பு, தொகுதி மறுசீரமைப்பு என்று மனம் ஓடுகிறது.

தொகுப்பில் சேர்க்க வரைவு:

ஊறடைப்பு (பெயர்): காய்ந்து சுருங்கிய படகுப் பலகைகள் நீரில் ஊறிப் பருத்து, அவற்றின் இடைச்சந்து தானே மூடிக்கொள்ளுதல். வினை: ஊறடை, ஊறடைக்க விடு.

எ.கா.: "படகை இறக்கி இரண்டு நாள் ஊறடைக்க விட்ட பிறகுதான் பம்பை நிறுத்தினார்கள்." "சந்தைக் கெட்டிப்பசையால் நிரப்பாதீர்கள், ஊறடைப்புக்கு இடம் வேண்டும்."

அண்ணாச்சிக்கு ஒரு வேண்டுகோள். இந்தத் தடைக்காலத்தில் படகு ஆசாரிகள் கரையில்தான் இருப்பார்கள். "பலகை ஊறிச் சந்து தானா மூடிக்கிறதுக்கு நீங்க என்ன சொல்லுவீங்க?" என்று மட்டும் கேளுங்கள், நம் சொல்லை முதலில் சொல்லிவிட வேண்டாம். அவர்களிடம் ஒரு சொல் இருந்தால் ஊறடைப்பை எடுத்துவிட்டு அதையே பதிந்துவிடலாம். நாகப்பட்டினம், இராமேசுவரம் பக்கம் உள்ளவர்களும் கேட்டு எழுதினால் நல்லது. ஜூன் கடைசி வரை வரைவை மூடாமல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்.