பழைய வீட்டுக்கு வேலை செய்ய வருகிறவர்கள்

கேரி, நார்த் கரோலைனா

அமெரிக்காவுக்குப் படிக்க வந்த நம்மில் பெரும்பாலானோர் ஃப்ராட் ஹவுஸ், அதாவது ஃப்ராட்டர்னிட்டி என்ற மாணவர் சங்கத்து உறுப்பினர்கள் சேர்ந்து தங்கும் வீடு, இருக்கும் பக்கமே போனதில்லை. நாலு பேர் சேர்ந்து அபார்ட்மெண்ட் எடுப்போம், முறை வைத்துச் சமைப்போம், வேலை கிடைத்ததும் கிளம்பிவிடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். 2009 கோடையில் மட்டும் நார்த் கரோலைனா பல்கலைக்கழகம் இருக்கும் சேப்பல் ஹில்லில் ஒரு ஃப்ராட்டர்னிட்டி வீட்டில் மூன்று மாதம் தங்க நேர்ந்தது. லீவில் பையன்கள் ஊருக்குப் போய்விட்டதால் காலி அறைகளை வெளி மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். வாடகை மலிவு, லேபுக்கு நடந்தே போய்விடலாம். அங்கே சந்தித்த ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி யாராவது வாய்த்திருந்தால் கீழே எழுதுங்கள்.

முதல் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே சுத்தியல் சத்தம். இறங்கி வந்து பார்த்தால் வராந்தாவில் ஐந்தாறு பேர் மண்டி போட்டு, இற்றுப்போன பலகைகளைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். காண்ட்ராக்டர் ஆட்கள் என்று நினைத்தேன். ஆனால் எல்லோருக்கும் தலை நரைத்திருந்தது. அதில் ஒருவர் காதில் பென்சில் செருகியிருந்தார். என்னைப் பார்த்ததும், "மாடியில் வெந்நீர் ஒழுங்காக வருகிறதா?" என்று கேட்டார். வரவில்லை என்றேன். கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே படியேறிவிட்டார். ஓய்வுபெற்ற பல் டாக்டர் என்பதும், 1961-லிருந்து இரண்டு வருடம் இதே மாடியில் குடியிருந்தவர் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

குழாயைச் சரிசெய்துவிட்டு என் அறையை எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். இஸ்திரி போட்ட சட்டையை ஹேங்கரோடு மேலே தீயணைக்கத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் முனையில் மாட்டி வைத்திருந்தேன். அலமாரியில் இடம் இல்லை, அது வசதியாகக் கைக்கு எட்டியது. அவர் ஒன்றும் பேசாமல் நாற்காலியில் ஏறி, இரண்டு கையாலும் ஹேங்கரை மெதுவாகக் கழற்றி என்னிடம் கொடுத்தார். பிறகு டார்ச் அடித்துக் காட்டினார். முனைக்கு நடுவே சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு கண்ணாடிக் குப்பி, உள்ளே சிவப்புத் திரவம். சூடு 68 டிகிரி செல்சியஸைத் தொட்டால் திரவம் விரிந்து குப்பி உடையும், தண்ணீர் கொட்டும். சினிமாவில் காட்டுவதுபோல வீடு முழுக்க ஒரே நேரத்தில் பொழியாது. எந்த முனைக்குச் சூடு எட்டுகிறதோ அது மட்டும்தான் திறக்கும். "உன் ஹேங்கர் இடித்து உடைந்தாலும் திறக்கும், கீழே மூன்று அறை நாசமாகும்" என்றார். கோபமே இல்லை குரலில்.

அப்புறம்தான் 1996-ஐப் பற்றிச் சொன்னார். அந்த மே 12 அன்னையர் தினம், பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பு விழாவும் அன்றைக்கே. விடியற்காலையில் ஊரிலிருந்த வேறொரு ஃப்ராட்டர்னிட்டி வீட்டில் தீப்பிடித்தது. ஐந்து மாணவர்கள் இறந்தார்கள். அந்த வீட்டில் ஸ்பிரிங்க்ளர் கிடையாது. அதற்குப் பிறகு நகர நிர்வாகம் எல்லா ஃப்ராட்டர்னிட்டி வீடுகளிலும், பெண்களுக்கான சொராரிட்டி வீடுகளிலும் ஐந்து வருடத்துக்குள் ஸ்பிரிங்க்ளர் போட வேண்டும் என்று கட்டாயமாக்கியது. பழைய கட்டடத்தில் சுவரையும் கூரையையும் குடைந்து குழாய் இழுப்பது சின்னச் செலவா? வீடு பல்கலைக்கழகத்துடையதும் இல்லை. பழைய உறுப்பினர்கள் சேர்ந்து நடத்தும் ஹவுஸ் கார்ப்பரேஷனின் சொத்து. அதனால் இவரும் இன்னும் மூன்று பேரும் நாற்பது வருடத்துப் பழைய உறுப்பினர்களுக்கு ஒவ்வொருவராகக் கடிதம் போட்டிருக்கிறார்கள். படிப்பறை கட்ட என்றால் பணம் வரும், கதவில் பெயர்ப் பலகை மாட்டலாம். "சுவருக்குள் ஓடுகிற பைப்பில் தன் பெயரைப் போடச் சொல்லி எவனும் கேட்கமாட்டான். அதனால் நாங்கள் இரண்டு மடங்கு கடிதம் எழுதினோம்" என்றார்.

கீழே அடித்தளத்துக்கும் கூட்டிப்போனார். சிவப்பு பெயிண்ட் அடித்த தடித்த குழாய், அதில் பிரஷர் மீட்டர், கழுத்தில் நூலால் கட்டிய பரிசோதனை அட்டை. கைக்குட்டையால் மீட்டர் கண்ணாடியைத் துடைத்து, முள் எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்த்தார். ஒவ்வொரு தடவை வரும்போதும் முதலில் இதைத்தான் பார்ப்பாராம்.

ஃப்ராட்டர்னிட்டி என்றால் குடியும் கூத்தும் என்றுதான் அதுவரை கேள்விப்பட்டிருந்தேன். அதுவும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கோடை முழுக்க நான் பார்த்தது சனிக்கிழமைதோறும் வந்து பலகை மாற்றிய கிழவர்களைத்தான்.

ஃப்ரிஸ்கோ, டெக்ஸஸ்

உங்கள் பதிவைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன், தம்பி. என் மகன் ஃப்ராட்டர்னிட்டியில் சேருகிறேன் என்றபோது நான் மூன்று நாள் அவனோடு பேசவில்லை. 2017-ல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒரு பையன் சேர்ந்த முதல் இரவே குடிக்க வைக்கப்பட்டு, விழுந்து அடிபட்டு இறந்துபோன செய்தி மனதை விட்டுப் போகவில்லை. அவன் அப்பா சமாதானம் சொல்லித்தான் பெற்றோர் வார இறுதிக்குப் போனேன்.

அங்கே ஒருவர், நாற்பது வயதிருக்கும், வக்கீல், அந்த வீட்டில் இருந்து படித்தவர். இப்போது அந்தச் சாப்டருக்கு, அதாவது ஃப்ராட்டர்னிட்டியின் அந்தக் கல்லூரிக் கிளைக்கு, சம்பளமில்லாத ஆலோசகர். நான் கேட்பதற்கு முன்பே தன் செல் நம்பரை எழுதிக் கொடுத்து, "எந்த நேரத்திலும் கூப்பிடுங்கள், அம்மா என்றால் எடுப்பேன்" என்றார். மரியாதைக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அடுத்த வருடம் புதுப் பையன்களை ராத்திரி முழுக்கத் தூங்கவிடாமல் வைத்திருந்தது வெளியே வந்தது. மறைக்கவில்லை அந்த மனிதர். அவரே பல்கலைக்கழகத்துக்குத் தெரிவித்து, இரண்டு மணிநேரம் கார் ஓட்டி வந்து, நடுராத்திரி வரை அந்தப் பையன்களை உட்காரவைத்துப் பேசியிருக்கிறார். சாப்டருக்குத் தண்டனை கிடைத்தது, அந்த வருடம் விருந்து எதுவும் இல்லை. பழைய உறுப்பினர்கள் சிலர் அவர்மேல் கோபப்பட்டு நன்கொடையை நிறுத்திக்கொண்டார்களாம். என் மகன் அன்றைக்குச் சொன்னதை நான் மறக்கவில்லை: "அம்மா, அவர் எங்களைத் திட்டவே இல்லை. ஆனா எல்லாருக்கும் அழுகை வந்துடுச்சு."

2024 டிசம்பரில் ஹேஸிங், அதாவது புதிதாகச் சேருகிறவர்களைக் கொடுமைப்படுத்தும் சம்பவங்களைக் கல்லூரிகள் வெளியிட்டே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தது. நல்லதுதான். ஆனால் பக்கத்தில் ஒரு பெரியவர் இருப்பது வேறு.

சிகாகோ

நான் உறுப்பினனாக இருந்தவன், இப்போது எங்கள் ஹவுஸ் கார்ப்பரேஷன் போர்டில் இருக்கிறேன். பணம் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் கணக்கில் கெட்டி, இதில் மட்டும் ஏமாந்துவிடுகிறார்கள். ஹவுஸ் கார்ப்பரேஷனுக்கு நேரடியாகக் கொடுக்கும் பணத்துக்குப் பொதுவாக வரிவிலக்கு கிடையாது. கல்வி அறக்கட்டளை வழியாகக் கொடுத்தால் உண்டு, ஆனால் அந்தப் பணம் படிப்பறை, நூலகம் மாதிரி கல்விக்கான இடங்களுக்குத்தான் போக முடியும். சாப்பாட்டு அறைக்கும் படுக்கை அறைக்கும் போகாது. அதனால்தான் கூரை ஒழுகினால் காசு சேர்வது கஷ்டம், படிப்பறைக்குச் சுலபம். அந்தப் பல் டாக்டர் சொன்னதில் பாதி காரணம் இதுவாகவும் இருக்கலாம். எனக்கு வேலை கிடைத்த முதல் வருடத்திலிருந்து மாதம் இருபது டாலர் அனுப்பினேன். சிறிய தொகைதான். ஆனாலும் பொருளாளர் ஒவ்வொரு டிசம்பரிலும் கையால் எழுதிய கார்டு அனுப்பினார். இப்போது அந்தக் கார்டுகளை நான் எழுதுகிறேன்.

அட்லாண்டா

வீடே இல்லாத கதை ஒன்று. என்னோடு வேலை பார்க்கும் கறுப்பின நண்பர் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா என்ற ஃப்ராட்டர்னிட்டியைச் சேர்ந்தவர். 1906-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஏழு மாணவர்கள் தொடங்கியது அது. கல்லூரி முடிந்ததும் உறுப்பினர் என்ற உறவு முடிவதில்லை. பட்டதாரிகளுக்கென்றே தனிச் சாப்டர் இருக்கிறது. அவர் படித்த இடத்தில் சாப்டருக்கு வீடு கிடையாது. சனிக்கிழமை ஒரு தேவாலயக் கூடத்தில் பள்ளிப் பையன்களுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார், கல்லூரி விண்ணப்பம் நிரப்ப உதவுகிறார். ஒருநாள் நானும் போயிருந்தேன், இயற்பியலில் கொஞ்சம் உதவினேன். வாஷிங்டனில் உள்ள மார்ட்டின் லூதர் கிங் நினைவகத்தை 2011-ல் திறந்தார்களே, அதற்கு 1984-லேயே முயற்சி எடுத்ததும் இந்த அமைப்புதான். கிங்கும் அதில் உறுப்பினர். "எங்கள் சகோதரருக்கு நாங்கள்தானே செய்ய வேண்டும்" என்று நண்பர் சாதாரணமாகச் சொன்னார், வீட்டில் ஒருவருக்குச் செய்ததைச் சொல்வது போல.

கேரி, நார்த் கரோலைனா

எல்லாவற்றையும் படித்தேன். ஃப்ரிஸ்கோ அக்கா, உங்கள் மகன் சொன்னதை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன்.

போன இலையுதிர் காலத்தில் ஹோம்கமிங், அதாவது பழைய மாணவர்கள் கல்லூரிக்குத் திரும்பி வரும் விழா, சமயம் மகளை அழைத்துக்கொண்டு அந்த வீட்டுப் பக்கம் போனேன். வராந்தாப் பலகைகள் மறுபடி மாற்றப்பட்டிருந்தன. கதவைத் திறந்த பையனிடம் விவரம் சொன்னதும் உள்ளே விட்டான். நான் தங்கிய அறையில் கதவுக்குப் பின்னால் வரிசையாக ஆறு கொக்கிகள். அன்றைக்கு அவை இல்லை. யார் அடித்தது என்று கேட்டேன், அவனுக்குத் தெரியவில்லை. பெரியவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறதாம்.

நான் உறுப்பினன் இல்லை, எனக்கு வரிவிலக்கும் வேண்டாம். வீட்டுக்கு வந்து ஹவுஸ் கார்ப்பரேஷன் பெயருக்கு ஒரு செக் எழுதினேன். கீழே எதற்காக என்று எழுதும் இடத்தில் "பைப்புக்கு" என்று போட்டு அனுப்பினேன்.