கார்பன் இருப்பு, கார்பன் வரவு: இரண்டு சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

தெரு மரங்களைப் பற்றி எழுதும்போது 'கார்பன் சேமிப்பு' என்ற ஒரே சொல்லை இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறோம். மரம் இதுவரை உடம்பில் சேர்த்து வைத்திருப்பதற்கும் அதுதான், இந்த வருடம் புதிதாகச் சேர்ப்பதற்கும் அதுதான். முன்னதைக் 'கார்பன் இருப்பு' என்றும் பின்னதைக் 'கார்பன் வரவு' என்றும் பிரிக்கலாம் என்பது என் முன்மொழிவு. கணக்கு நோட்டு எழுதிய யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

கீழக்கரைத் தெருவில் நிற்கும் ஒரு முதிர்ந்த பூவரசை எடுத்துக்கொள்வோம். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் நாடா பிடித்துச் சுற்றளவு எடுத்து, அந்த இனத்துக்கான சூத்திரத்தில் போட்டால் உலர் எடை கிடைக்கும். அதில் ஏறக்குறைய பாதி கார்பன். இதை 3.67ஆல் பெருக்கினால், காற்றிலிருந்து எடுத்த கார்பன் டை ஆக்சைடின் எடை. இதுதான் இருப்பு. சில வருடம் கழித்து அதே இடத்தில் மறுபடி அளந்து, கூடியதை வருடங்களால் வகுத்தால் வரவு.

சாலை அகலப்படுத்த மரத்தை வெட்டிவிட்டு, 'ஒன்றுக்குப் பத்துக் கன்று நடுகிறோம்' என்பார்கள். புங்கங்கன்று மளமளவென்று வளரும், சரி. ஆனால் அதன் இருப்பு சொற்பம். சொல் ஒன்றாக இருப்பதால்தான் இந்தக் கணக்கு நியாயம்போலத் தெரிகிறது. எனக்கு இதில்தான் ஆதங்கம்.

'வரவு' எதற்கு, 'உறிஞ்சுதல்' போதாதா என்று கேட்கலாம். இலை எடுப்பதில் கணிசமான பங்கை மரமே சுவாசித்து வெளியே விட்டுவிடுகிறது. அதனால் அந்தச் சொல் இலையின் வேலைக்கு மட்டும் இருக்கட்டும். 'கரிம இருப்பு' வேண்டாம். 'கரிம வேதியியல்' படித்தவர்களைக் குழப்பும்.

வரவு என்றால் செலவும் வேண்டுமே. நம் இராமநாதபுரம் மாவட்டத்துச் சீமைக்கருவேலைப் பாருங்கள். விறகை அடுக்கி மண் பூசிக் கரிமூட்டம் போடும்போதே ஒரு பங்கு புகையாகப் போகிறது, மீதி அடுப்பில் போகிறது. இது 'கார்பன் செலவு'. அதே பூவரசு கதவாகவோ கட்டிலாகவோ ஆனால், அந்த மரம் மக்கும்வரை இருப்பு கையில் இருக்கும்.

அப்புறம், காரங்காட்டுக் கடலோர அலையாத்திக் காட்டுக்கு வந்தால் இருப்பில் பெரும்பங்கு காலடிச் சேற்றில் இருக்கிறது. அதற்கு 'மண் இருப்பு' பொருந்துமா, 'சேற்று இருப்பு' பொருந்துமா? நான் முன்னதன் பக்கம். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.