நியோபோபியாவுக்குத் தமிழ் என்ன? அச்சமா, வெருட்சியா?

உயிரியல் ஆசிரியை, கோப்பாய்:
எல்லோருக்கும் வணக்கம். எது தின்னக்கூடியது என்று மனிதர் எப்படி அறிந்தனர் என்று உயர்தர மாணவருக்குப் பாடக்குறிப்பு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். எலிக்குப் புதுத் தீனி வைத்தால் துளி கடித்துவிட்டு விலகிவிடும். எலியால் வாந்தியெடுக்க முடியாது. முதல் வாய் சிறிதாக இருந்தால்தான் தப்பும். நம் பிள்ளைகளும் இரண்டு வயதளவில் புதுக் கறியைத் தட்டிவிடுவார்கள். இந்தக் குணத்தைத்தான் நியோபோபியா என்கிறார்கள். ‘புத்துணவு அச்சம்’ என்று போடலாமா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நல்லூர்:
அச்சம் பொருந்தாது, ரீச்சர். மெய்ப்பாட்டியலில் தொல்காப்பியர் அச்சத்துக்கு நான்கு காரணங்களே சொல்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. சோறு அதில் இல்லை. எலி கள்வரைக் கண்டதுபோல் ஓடவில்லை. கிட்ட வந்து, முகர்ந்து, பின்வாங்குகிறது. மாடு புது மதகில் கால் வைக்காமல் நின்றால் ‘வெருளுது’ என்கிறோம். வெருள், வெருவு, வெருட்டு எல்லாம் ஓரினச் சொற்கள். தோட்டத்தில் நிற்கும் வெருளியும் அந்த வழி வந்ததுதான். அது காகத்தைக் கொல்வதில்லை, தயங்க வைக்கிறது. ஆகவே ‘புத்தூண் வெருட்சி’. ஊண் நல்ல பழஞ்சொல், அதை விடக்கூடாது.

மொழிபெயர்ப்பாளர், சுன்னாகம்:
வெருட்சிக்கு என் வாக்கு. ஆனால் ஐயா, ‘புத்தூண்’ என்றால் பிள்ளைகள் புதிதாய்க் கட்டிய தூண் என்றுதான் வாசிப்பார்கள். சோதனைத்தாளில் முதல் பார்வையிலேயே விளங்காத சொல் எவ்வளவு பழையதானாலும் உதவாது.

சித்த மருத்துவர், கரவெட்டி:
தயங்கியதோடு நின்றிருந்தால் மரவள்ளி உணவாகியிருக்குமா? தென்னமெரிக்காவில் கைப்பு மரவள்ளியைத் துருவி, ஊறவிட்டு, பிழிந்து சயனைட்டைப் போக்கினார்கள். நாமும் காய்ந்த பனங்கிழங்கான ஒடியலின் மாவை ஊறவிட்டு வடித்துக் காறல் எடுத்துத்தானே கூழ் காய்ச்சுகிறோம்? மரவள்ளியை மூடாமல் அவி, அன்றைக்கு இஞ்சி சேர்க்காதே என்று அம்மாமார் சொல்வதும் அந்தக் கவனத்தில் வந்த பேச்சு. துளி தின்று பார்த்துப் பொறுத்திருந்ததும் அறிவுதான். ‘உணவுத் தயக்கம்’ என்றால் அந்த அறிவுக்கும் இடம் இருக்கும்.

உயிரியல் ஆசிரியை:
தயக்கம் மென்மையாகப் போகிறது, ஐயா. தின்று பார்த்து நோய்ப்பட்டபின் வெறுப்பது வேறு. 1955-இல் உளவியலாளர் ஜோன் கார்சியா எலிகளுக்குச் சக்கரின் என்ற இனிப்பூட்டி கலந்த நீரும் கதிர்வீச்சும் கொடுத்துக் காட்டியது அதைத்தான். அதற்குச் ‘சுவைவெறுப்பு’ என்று தனியாக வைத்திருக்கிறேன். இதற்குப் ‘புது உணவு வெருட்சி’ என்று அனுப்பப் போகிறேன்.

தமிழாசிரியர்:
புணர்த்தியாவது எழுதுங்கள்: புத்துணவு. புத்துயிர் என்று எழுதும் பிள்ளைக்கு இது கடினமில்லை.

உயிரியல் ஆசிரியை:
சரி, ‘புத்துணவு வெருட்சி’.

சித்த மருத்துவர்:
எலிக்குச் சரி. ஒடியல் மாவை முதலில் ஊறவிட்டுப் பார்த்தவளுக்கு இந்தச் சொல் போதாது. என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்.