புதுப்பிப்பு: நோயாளியிடம் நெருக்கம், அதற்கான நேரம், அதன் எல்லை

மருத்துவர் நோயாளியிடம் எவ்வளவு நெருங்கலாம் என்ற முந்தைய இழையில், உட்கார்ந்து பேசுங்கள், குறுக்கிடாமல் கேளுங்கள் என்று எழுதியிருந்தேன். "ஓபி கூட்டத்தில் நேரம் ஏது?" என்று பலர் கேட்டீர்கள்.

1984இல் அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கல் என்ற ஆய்வாளர்கள் பதிவுசெய்த மருத்துவர்-நோயாளி உரையாடல்களில், நோயாளி பேசத் தொடங்கிய சராசரி 18 நொடியில் மருத்துவர் இடைமறித்தார். 2002இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் நடந்த ஆய்வில் மருத்துவர்கள் இடைமறிக்காமல் கேட்டார்கள். சராசரி 92 நொடியில் நோயாளிகளே பேச்சை முடித்துக்கொண்டார்கள். பெரும்பாலோருக்கு இரண்டு நிமிடம் போதும். அந்த நேரம் பேனாவைக் கீழே வையுங்கள், திரையைப் பார்க்காதீர்கள். முடிந்ததும் "வேற ஏதாவது இருக்கா?" என்று கேளுங்கள். உண்மையான பயம் பெரும்பாலும் அப்போதுதான் வெளிவரும்.

அழுதால், "அழாதீங்கம்மா, ஒண்ணுமில்ல" வேண்டாம். அதைக் கேட்டவர் அடுத்த முறை பயத்தை மறைப்பார், மாத்திரையை நிறுத்தியதையும் சேர்த்து. சற்று அமைதியாக இருந்துவிட்டு, "எதை நினைச்சு ரொம்பப் பயமா இருக்கு?" என்று கேட்கலாம்.

எல்லை பற்றி. பாசம் சிகிச்சையைக் கெடுப்பது சத்தமில்லாமல்தான். பிடித்த நோயாளி என்பதால் கூச்சப்பட்டு மலக்குடல் பரிசோதனையைத் தவிர்ப்பது, புற்றுநோய் முடிவைச் சொல்வதை அடுத்த வாரத்துக்குத் தள்ளுவது, இவை ஆபத்தானவை. அவருக்கு மட்டும் சொந்தக் கைபேசி எண், அவருக்கு மட்டும் இரவில் தனிநேரம் என்று ஆகிவிட்டால் உடனே மூத்த சக மருத்துவரிடம் பேசுங்கள். அவரை வேறு மருத்துவரிடம் மாற்றிவிட நேர்ந்தால், சீட்டு மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். புதிய மருத்துவரை நேரில் அறிமுகப்படுத்துங்கள். இல்லையென்றால் கைவிட்டதாகவே நினைப்பார்.