லைட்டா மிதிச்சா வண்டி வெட்டுது, ஐடிலிங் ஏறி இறங்குது: த்ராட்டில் சென்சாரா, கியர்பாக்ஸா?

ஓட்டவண்டி:
எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட இருக்கறது பழைய பெட்ரோல் பிக்கப். ஆறு சிலிண்டர், ஃப்யூயல் இன்ஜெக்ஷன், 4 ஸ்பீடு ஆட்டோமேட்டிக். ஆக்ஸிலேட்டர் கேபிள்ல ஓடற வண்டிதான்.

ரெண்டு தொந்தரவு. ஒண்ணு, 50–60 கிலோமீட்டர் வேகத்துல லைட்டா மிதிச்சு சீரா போகும்போது வண்டி வெட்டி வெட்டி போகுது. இன்னும் கொஞ்சம் அழுத்தினா சரியாயிடுது, முழுசா மிதிச்சா பறக்குது. ரெண்டாவது, நிறுத்தி நிக்கும்போது ஆர்பிஎம் 1100க்கும் 1800க்கும் நடுவுல ஊஞ்சலாடுது. செக் எஞ்சின் லைட் வரும், ரெண்டு நாள்ல தானா போயிடும். ஸ்கேனர்ல பி 0121, பி 0122 ரெண்டும் பதிவாகியிருந்துது.

ஸ்பார்க் பிளக், ஃப்யூயல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் எல்லாம் மாத்தியாச்சு. பிரயோஜனம் இல்ல. ஒரு ஒர்க்‌ஷாப்புல ஓட்டிப் பார்த்துட்டு, "கியர்பாக்ஸ் இறக்கணும்"னு சொல்லிட்டாங்க. அன்னிலேர்ந்து தூக்கமே இல்ல.

ஃபுல் த்ராட்டில்:
0121, 0122 ரெண்டுமே த்ராட்டில் பொசிஷன் சென்சார் கோடுதானே, அதாவது எஞ்சினுக்குக் காத்து விடற த்ராட்டில் பிளேட் எவ்வளவு திறந்திருக்குன்னு சொல்ற சென்சார்? யோசிக்கவே வேணாம் ப்ரோ. சென்சாரை மாத்துங்க, ரெண்டு ஸ்க்ரூ, பத்து நிமிஷ வேலை.

நாலாவது கியர்:
எனக்கென்னமோ ஒர்க்‌ஷாப்புல சொன்னது சரின்னுதான் படுது. 60ல சீரா போகும்போது குலுங்கினா அது டார்க் கன்வெர்ட்டர், எஞ்சினையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் இணைக்கறது. என் வண்டிக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது.

கிரீஸ் கை:
ரெண்டு பேருமே அவசரப்படறீங்க.

கோடு சொல்றது "சென்சார் செத்துப்போச்சு"ன்னு இல்ல. 0122ன்னா சிக்னல் வோல்டேஜ் இருக்கவேண்டிய அளவுக்குக் கீழ போச்சுன்னு அர்த்தம். சென்சார் கெட்டாலும் போகும், வயர் அத்தாலும் போகும், 5 வோல்ட் வராட்டியும் போகும். சென்சார்ல வயர் மாட்டற கப்ளரைக் கழட்டி வச்சாக்கூட பெரும்பாலும் அதே கோடுதான் வரும். 0121ன்னா சிக்னல் வருது, ஆனா மத்த சென்சார் சொல்றதோட ஒத்துப்போகல.

கியர்பாக்ஸ் விஷயம்: கன்வெர்ட்டர் லாக்கப்பை (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேரா பூட்டறது) எப்போ போடணும், எப்போ விடணும்னு கம்ப்யூட்டர் முடிவு பண்றதே த்ராட்டில் சிக்னலைப் பார்த்துத்தான். சிக்னல் ஒரு நொடி விழுந்தா, ஓட்டறவர் காலை எடுத்துட்டாருன்னு நெனச்சு லாக்கப்பை விட்டுடும். சிக்னல் திரும்பினதும் மறுபடி போடும். சீட்டுல உக்காந்திருக்கறவருக்கு கியர்பாக்ஸ் உதறற மாதிரிதான் தெரியும். அதனால எதையும் இறக்காதீங்க.

தம்பி, மல்டிமீட்டர் இருக்கா? இருந்தா இதைப் பண்ணுங்க. எஞ்சின் ஓடக்கூடாது, சாவி மட்டும் ஆன்.

உங்களோடது பெரும்பாலும் மூணு வயர் சென்சார். ஒண்ணு 5 வோல்ட், ஒண்ணு எர்த், ஒண்ணு சிக்னல். கப்ளரைக் கழட்டி மீட்டரோட கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவ்ல வச்சுப் பார்த்தா 5 வோல்ட் எதுன்னு தெரிஞ்சிடும். சாவியை ஆஃப் பண்ணிட்டு பேட்டரி நெகட்டிவோட கன்டின்யூட்டி (தடையில்லாத இணைப்பு) வர்றது எர்த். மிச்சம் சிக்னல். வயர் கலரை நம்பாதீங்க, இந்த வயசு வண்டியில யாரு எதை ஒட்டுப் போட்டிருக்காங்கன்னு தெரியாது.

அப்புறம் கப்ளரைத் திரும்ப மாட்டி, பின்பக்கம் வயர் நுழையற ரப்பர் ஓரமா ஒரு குண்டூசியை இறக்கி சிக்னலை அளக்கணும். வயர் தோலைக் குத்தி அளக்காதீங்க, அந்த ஓட்டை வழியா தண்ணி இறங்கி உள்ள களிம்பு புடிச்சிடும். ரெண்டு வயர்ல ஊசி இறக்கினா, அது ஒண்ணோட ஒண்ணு தொட்டுடக் கூடாது.

மூடியிருக்கும்போது எவ்வளவு, முழுசா திறந்தா எவ்வளவு, நடுவுல மெதுவா, ரொம்ப மெதுவா திறக்கும்போது சீரா ஏறுதான்னு பாருங்க. பொதுவா மூடினா 0.5லேர்ந்து 0.9 வரை, முழுசா திறந்தா 4க்கு மேல. இன்னொண்ணு, கப்ளர் மாட்டின நிலையிலேயே சென்சார் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல 0.1 வோல்ட்டுக்குக் கீழ இருக்கணும்.

கேக்க மறந்துட்டேன், த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவை (பிளேட் எந்த இடம் வரை மூடலாம்னு தடுத்து நிறுத்தறது) யாராவது திருகினாங்களா?

ஓட்டவண்டி:
ரொம்ப நன்றி அண்ணா. இன்னிக்கு அளந்தேன்.

5 வோல்ட் வயர்ல 4.98. எர்த் 0.02. சிக்னல் மூடியிருக்கும்போது 0.94, முழுசா திறந்தா 4.45. நடுவுல மெதுவா திறந்தப்போ 1.2 கிட்ட ஒரு தடவை 0.8ன்னு காட்டிட்டு உடனே 1.3க்குப் போயிடுச்சு. மறுபடி பத்து தடவை பண்ணினேன், வரல. என் கண்ணுதான் ஏமாத்திடுச்சோன்னு சந்தேகமா இருக்கு.

குண்டூசி:
கண்ணு ஏமாத்தல. டிஜிட்டல் மீட்டர் ஒரு நொடிக்கு ரெண்டு மூணு தடவைதான் எண்ணை மாத்தும். அதுக்கு நடுவுல விழுந்து எழுந்தா அதுக்குத் தெரியாது. பழைய முள்ளு மீட்டர் யார்கிட்டயாவது இருந்தா வாங்கிப் பாருங்க. முள்ளு எண்ணெய் மாதிரி வழுக்கிட்டு ஏறணும், நடுவுல துடிச்சா சென்சார் போச்சு. எஞ்சின் நல்லா சூடானப்புறம் நிறுத்திட்டு, த்ராட்டிலை அந்த 1.2 கிட்டயே பிடிச்சுக்கிட்டு ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால சென்சாரை லேசா தட்டியும் பாருங்க. அதோட, கப்ளர் கிட்ட வயரை வளைச்சு ஆட்டிப் பாருங்க. ஆட்டும்போது விழுந்தா வயர், தட்டும்போது விழுந்தா சென்சார்.

கிரீஸ் கை:
குண்டூசி சொல்றதை அப்படியே பண்ணுங்க. விழற இடமும் சரியா பொருந்துது பாருங்க. சென்சாருக்குள்ள ஒரு கார்பன் தடம், அது மேல ஒரு சின்ன உலோகக் கை தேய்ச்சுக்கிட்டே போகும், அவ்வளவுதான் சமாச்சாரம். வண்டி வாழ்நாள்ல பாதிக்கு மேல லைட்டா மிதிச்சேதான் ஓடுது. அதனால தடத்தோட ஆரம்பப் பகுதிதான் வாசப்படி மாதிரி முதல்ல தேயும். முழுசா மிதிச்சா பறக்குதுன்னு நீங்க சொன்னதுக்கும் அதான் காரணம், அந்தப் பக்கம் இன்னும் புதுசாவே இருக்கும்.

ஸ்டாப் ஸ்க்ரூ கேள்விக்கு பதில் வரல.

ஓட்டவண்டி:
முள்ளு மீட்டர் கெடச்சுது. சூடுல வச்சுத் தட்டினேன், ஒவ்வொரு தட்டுக்கும் முள்ளு கீழ விழுந்து எழுந்துது. வயரை எப்படி ஆட்டினாலும் அசையல. சென்சார்தான், சந்தேகமே இல்ல. ஸ்க்ரூ பத்தி எனக்குத் தெரிஞ்சு யாரும் தொடல.

ஃபுல் த்ராட்டில்:
நான் முதல்லயே சொன்னேனே!

கிரீஸ் கை:
சொன்னீங்க, சரியாவும் போச்சு. வயரா இருந்திருந்தா புது சென்சாரோட அதே வெட்டு வந்திருக்கும்.

மாட்டும்போது கவனம். உள்ள இருக்கற ஸ்பிரிங் இழுவையோடதான் சென்சார் உக்காரணும். ஸ்க்ரூ ஓட்டைக்கு நேரா வச்சு அழுத்தக்கூடாது. கொஞ்சம் திருப்பின கோணத்துல ஷாஃப்ட்டு மேல ஏத்திட்டு, அப்புறம் சுழட்டி ஓட்டைக்குக் கொண்டுவரணும். சுழட்டும்போது கையில ஸ்பிரிங் எதிர்க்கறது தெரியும். எந்த எதிர்ப்பும் இல்லாம உக்காந்தா தப்பான பக்கம் மாட்டியிருக்கீங்க. எஞ்சினை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஆக்ஸிலேட்டரை முழுசா மிதிச்சு விடுங்க, டப்புனு திரும்பி வரணும். இதை மட்டும் யாரும் விட்டுடாதீங்க, த்ராட்டில் திறந்த நிலையில மாட்டிக்கிட்டா விளையாட்டு இல்ல.

பழைய ஸ்க்ரூ துரு புடிச்சிருந்தா, சரியான பிட்டை வச்சு பிட் தலையில சுத்தியலால ரெண்டு தட்டு தட்டிட்டு அப்புறம் திருகுங்க.

ஓட்டவண்டி:
மாட்டியாச்சு. ஒரு ஸ்க்ரூ தலை வழுக்கிடுச்சு, லாக்கிங் பிளையரால கவ்வித்தான் எடுத்தேன். பேட்டரி நெகட்டிவை கழட்டி வச்சு பழைய கோடெல்லாம் அழிச்சாச்சு.

ஓட்டிப் பார்த்தேன், வெட்டறது சுத்தமா நின்னுடுச்சு! 60ல தண்ணி மேல போற மாதிரி போகுது. ஆனா ஐடிலிங் இன்னும் ஊஞ்சல்தான். அதே 1100, 1800. புது சென்சாரும் கெட்டதா வந்துடுச்சா? மூடியிருக்கும்போது 0.93 காட்டுது.

கிரீஸ் கை:
புதுசு 0.93, பழசு 0.94. ரெண்டு வேற வேற சென்சார், ஒரே எண். அப்போ தப்பு சென்சார்ல இல்ல, அது உள்ளதைத்தான் சொல்லுது. உங்க த்ராட்டில் முழுசா மூடல. வேக்குவம் லீக்கா (வேற ஓட்டை வழியா காத்து உள்ள போறது) இருந்தாலும் ஐடில் ஏறும், ஆனா அந்த எண் ஏறாது. ஒண்ணு கேபிள் இறுக்கமா இருக்கணும், இல்ல பிளேட் ஓரத்துல கரி படிஞ்சிருக்கணும், இல்ல அந்த ஸ்க்ரூ. மூணாவது தடவையா கேக்கறேன்.

ஓட்டவண்டி:
அண்ணா, மன்னிச்சுடுங்க. போன வருஷம் ட்ராஃபிக் சிக்னல்ல நிக்கும்போதெல்லாம் ஆஃப் ஆகுதுன்னு நானேதான் அதை உள்ள ரெண்டு சுத்து திருகினேன். இவ்வளவு பெரிய ஆளுங்க முன்னாடி சொல்ல வெக்கமா இருந்துது.

குண்டூசி:
ஹாஹா. இந்த ஸ்க்ரூவைத் திருகாதவன் எவனும் பழைய வண்டி வச்சிருந்ததில்ல.

கிரீஸ் கை:
வெக்கப்பட என்ன இருக்கு, நானும் திருகியிருக்கேன்.

நடக்கறது இதுதான். இந்த வண்டியில ஐடிலிங்கைப் பார்த்துக்கறது ஐடில் ஏர் கண்ட்ரோல் வால்வு, பிளேட்டைத் தாண்டி தனி வழியில காத்து விடறது. நீங்க பிளேட்டை திறந்து வச்சுட்டீங்க, காத்து அந்த வழியா எக்கச்சக்கமா போகுது. வால்வு முழுசா மூடியும் ஆர்பிஎம்மை இறக்க முடியல. கம்ப்யூட்டருக்கோ, கால் எடுத்தாச்சு, ஆனா ஆர்பிஎம் இறங்கல. வண்டி இறக்கத்துல உருளுதுன்னு நெனச்சு பெட்ரோலை நிறுத்தும். விழுந்ததும் திரும்ப விடும். அதான் உங்க ஊஞ்சல்.

அன்னிக்கு ஆஃப் ஆனது த்ராட்டில் பாடியும் அந்த வால்வும் கரி புடிச்சதாலதான் இருக்கும். முதல்ல ரெண்டையும் கழட்டி, த்ராட்டில் பாடி கிளீனர் போட்டு பிளேட்டோட ஓரத்தையும் வால்வு முனையையும் நல்லா துடைங்க. அப்புறம் ஸ்க்ரூவை லிவரைத் தொடாத வரைக்கும் வெளிய எடுங்க. மெதுவா உள்ள திருகி, லிவரைத் தொட்ட இடத்துலேர்ந்து கால் சுத்து. பிளேட் சுவத்துல போய் இறுகிக்காம இருக்கத்தான் அந்தக் கால் சுத்து. சர்வீஸ் மேனுவல்ல வேற கணக்கு இருந்தா அதுதான் செல்லும். கேபிள்ல கொஞ்சம் தளர்வு இருக்கான்னும் பாருங்க.

ஓட்டவண்டி:
முடிஞ்சுது. பிளேட்டோட பின்பக்கம் தார் மாதிரி கரி, நகத்தால சுரண்டினா அப்படியே ஏடா வருது. துடைச்சு, ஸ்க்ரூவை நீங்க சொன்ன மாதிரி வச்சேன். மூடியிருக்கும்போது இப்போ 0.58. முதல் தடவை ஸ்டார்ட் பண்ணினதும் கொஞ்ச நேரம் தடுமாறிச்சு, அப்புறம் 700ல நின்னுது. அஞ்சு நாள் ஆச்சு, லைட் வரல.

ஆர்வத்துல பழைய சென்சாரை ஒடச்சுப் பார்த்தேன். உள்ள கறுப்பா வளைஞ்ச தடம். முக்கால்வாசி மங்கலா, தொடாத மாதிரி இருக்கு. ஆரம்பத்துல மட்டும் ஒரு விரற்கடை நீளத்துக்கு முடி மாதிரி ஒரு கோடு, கறுப்பு போய் அடியில வெளுப்பு தெரியுது.

நாலாவது கியர்:
என் வண்டி ஞாபகம் வந்து பேசிட்டேன், தப்பா நெனச்சுக்காதீங்க. ஒரு சந்தேகம், என்னோடதுல நாலு வயர் இருக்கு. இதே மாதிரி அளக்கலாமா?

கிரீஸ் கை:
அளக்கலாம். நாலாவது பெரும்பாலும் ஐடில் சுவிட்ச், த்ராட்டில் மூடியிருக்கான்னு மட்டும் சொல்றது. அந்த வகையில சென்சாரோட ஓட்டை நீளவாக்குல இருந்தா, புதுசு போட்டதும் கோணத்தை மேனுவல் பார்த்து செட் பண்ணணும். வட்ட ஓட்டைன்னா மாட்டினா போதும்.

தம்பி ஓட்டவண்டி, அந்த ஸ்டாப் ஸ்க்ரூ தலையில பெயிண்ட்டால ஒரு பொட்டு வச்சுடுங்க. யாராவது திருகினா உடனே தெரியும், நீங்களே திருகினாலும்.