சாகசக் கதையை ஒலி நாடகமாக்கும்போது வர்ணனையை என்ன செய்வது?

கேள்வி:
கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வாசகசாலை ஆண்டு விழாவுக்காக, கலங்கரை விளக்கத்தில் சிக்கிய மூன்று காவலர்களை எலிக்கூட்டம் முற்றுகையிடும் பழைய பிரெஞ்சுக் கதையை அரைமணி நேர ஒலி நாடகமாக எழுதி வருகிறேன். வர்ணனையை உரையாடலாக மாற்றினால், "அதோ பார், எலிகள் ஏறுகின்றன" என்பது போன்ற செயற்கையான வசனங்களே வந்து விழுகின்றன. வழி சொல்லுங்கள்.

மறுமொழி 1:
ஐயா, வர்ணனை முழுவதையும் உரையாடலாக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் சிபிஎஸ் வானொலியில் 1947 முதல் 1954 வரை வந்த 'எஸ்கேப்' தொடர் இதே கதையை நாடகமாக்கியபோது, காவலர்களில் ஒருவரே நடந்ததைச் சொல்லும்படி அமைத்தது. 1950இல் அந்தக் குரலைத் தந்தவர் வின்சென்ட் பிரைஸ். சொல்பவர் கதைக்குள் நழுவிச் சென்று சக காவலரோடு பேசிவிட்டு மீண்டும் நம்மிடம் திரும்பும் அந்த அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தமானது.

மறுமொழி 2:
ஒலிகளைக் குறையுங்கள். நான் ஒருமுறை காற்று, அலை, கூச்சல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்ததில் வெறும் இரைச்சல்தான் மிஞ்சியது. குதிரைக் குளம்படிக்கு இரண்டு சிரட்டைகளும், தீக்குக் கசக்கிய செலோபேன் தாளும் போதும் என்பது வானொலிக்காரர்களின் பழைய கைப்பழக்கம். உங்கள் கதையில் கண்ணாடியை நகம் பிறாண்டும் ஒலியை ஒலிவாங்கிக்கு மிக அருகில் தனியாகப் பதிந்து, அதன்பின் மூன்று நொடி மௌனம் விடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. காவலர்கள் எங்கள் பாலக்காட்டுத் தமிழில் பேசலாமா?

மறுமொழி 1:
உரையாடலில் தாராளமாகப் பேசட்டும். கதை சொல்லும் பகுதியை மட்டும் பொதுத்தமிழில் வைத்தால், இரண்டும் காதில் பிரிந்து கேட்கும்.